மடங்கிய கை

சீமந்த வீட்டில் முதல் பந்திக்கு இலை போட்டதும் அவர் நழுவிவிட்டார். நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதியவர், வயது 36. வலப்பக்கம் வாதம் அடித்து ஒன்றரை வருஷமாகிறது. நடக்கிறார், பேசுகிறார். வலது கை மட்டும் மடங்கி நெஞ்சோடு நிற்கிறது. எல்லாரும் போனபின் அடுப்படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, இடது கையில் ஸ்பூன் பிடித்து நாலு வாய் சாப்பிட்டார். "கால் கழுவுற கைங்ண்ணா. அதுல சோத்தத் தொட எனக்கே குமட்டுது" என்றார்.

வாயில் ஊறும் எச்சிலை யோசிக்காமல் விழுங்குகிறோம். அதையே டம்ளரில் துப்பிக் குடிப்பீர்களா என்று 1955-ல் கேட்டார் உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட். எச்சில், பத்து, தீட்டு என்று வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. உள்ளே இருந்தால் நம்முடையது, வெளியே வந்தால் அசுத்தம் என்று பிரிக்கும் அந்தக் கோட்டைத்தான் பக்கவாதம் அழிக்கிறது. கடைவாயில் எச்சில் வழியும், சிறுநீர் முந்திக்கொள்ளும். எழுபது வயதுத் தாத்தாவுக்கு நடந்தால் வீடு பொறுத்துக்கொள்ளும். முப்பதில் வந்தவர், வீடு பொறுத்தாலும் தன்னைப் பொறுப்பதில்லை. பிரசவத்துக்குப் பின் மூளைச் சிரையில் ரத்தம் உறைந்து கை விழுந்த இளம் தாய்மார்களும் உண்டு.

நாலரை மணி நேரத்துக்குள் ஊசி போட வேண்டும் என்று பறக்கும் ஆஸ்பத்திரி, டிஸ்சார்ஜ் அன்று ஒரு தாளோடு அனுப்பிவிடுகிறது. மாத்திரை, பிபி, உப்பு, பிசியோ. பீடி சிகரெட் கூடாது. எல்லாம் சரிதான். ஆனால், பார்க்கவே பிடிக்காத உடம்பை ஒருவர் எப்படிப் பராமரிப்பார்? தூக்கம் வருகிறதா என்று கேட்கிறார்கள். உங்கள் கை உங்களுக்கே அருவருப்பாக இருக்கிறதா என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

கையை மறைக்க நாமக்கல்காரர் வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போடுகிறார். ஒளித்த கை உழைப்பதில்லை. உழைக்காத கையை மூளையும் கணக்கில் சேர்ப்பதில்லை. பயன்படுத்தாமல் இருக்கவே மூளை பழகிவிடுகிறது என்றார் உளவியலாளர் எட்வர்ட் டாப். கொஞ்சமாவது விரல் அசைகிறவர்களுக்கு, நல்ல கையைக் கட்டிவைத்து வாதக் கைக்கு வேலை தரும் சிகிச்சை அவருடையது.

இன்னொன்று, யாரும் வாய்விட்டுச் சொல்லாதது: நாற்றம். இறுகிய முஷ்டிக்குள் வியர்வை தேங்கும், நகம் உள்ளங்கையில் பதியும், தோல் ஊறி வெளுக்கும். அருவருப்பில் தொடாமல் விட்ட கை, நிஜமாகவே அருவருப்பாகிவிடுகிறது. விரல்களை நேராகப் பிடித்து இழுத்தால் இன்னும் இறுகும். மணிக்கட்டை மெல்ல உட்பக்கமாக மடக்கினால் விரல்கள் தளரும். கழுவி, ஈரம் போகத் துடைத்து, நகம் வெட்டலாம். தாளில் இது இல்லை. ஒரு பிசியோ தங்கச்சிதான் செய்து காட்டியது.

அதே பெண் கண்ணாடியும் கொண்டுவந்தது. வாதக் கையைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து, நல்ல கையின் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டையும் அசைக்க முயல வேண்டும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியலாளர் வி.எஸ்.ராமச்சந்திரன், கை இழந்தவர்களின் மாய வலிக்காகச் செய்த உத்தி; 1999-லிருந்து பக்கவாதத்துக்கும் வந்தது. மாயமில்லை, ஓரளவு பலன் உண்டு. "பீரோக் கண்ணாடிய துணி போட்டு மூடி வெச்சிருந்தேனுங்ண்ணா" என்று சிரித்தார்.

ஆவணியில் சித்தப்பா மகள் கல்யாணம். பத்திரிகை வந்துவிட்டது. பந்தியில் உட்காருவாரா என்று கேட்டேன். மணிக்கட்டை மடக்கிக் கட்டைவிரலைப் பிரிப்பதிலேயே இருந்தார்.