உயரம் குறைந்தவருக்கு முதல் மோட்டார் சைக்கிள்

தரையிலிருந்து இருக்கை வரையுள்ள அளவான இருக்கை உயரத்தை மட்டும் பார்த்து, உயரம் குறைந்த புதியவர் மோட்டார் சைக்கிளைத் தேர்ந்தெடுப்பது போதாது. இருக்கையின் முன்பகுதி அகலமாக இருந்தால் தொடைகள் விரிந்து கால் தரையை எட்டாமல் போகலாம் என்பதாலும், ஆள் ஏறியதும் சஸ்பென்ஷன், அதாவது அதிர்வைத் தாங்கும் சுருள்வில் அமைப்பு, சற்று அமிழ்ந்து இருக்கையைத் தாழ்த்தும் என்பதாலும், அன்றாடம் அணியும் காலணியோடு வண்டியில் அமர்ந்து பார்ப்பதே நம்பத்தக்க சோதனை.

எடை இதனினும் முக்கியம். 765 மி.மீ. இருக்கை உயரமுள்ள ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350, 785 மி.மீ. உள்ள ஹீரோ ஸ்ப்ளெண்டர் பிளஸ்ஸைவிடத் தாழ்வானதே. எனினும் முன்னது ஏறத்தாழ 190 கிலோவும் பின்னது ஏறத்தாழ 112 கிலோவும் இருப்பதால், நெரிசலில் நின்று நின்று செல்லும்போதும் சரிவில் வண்டியைப் பின்னுக்குத் தள்ளும்போதும் புதியவருக்குப் பின்னதே எளிதில் அடங்கும். உயரத்தை இன்னும் குறைக்க வேண்டுமெனில், தரையிடைவெளியைக் குறைத்துவிடும் சஸ்பென்ஷன் மாற்றத்தைவிட, இருக்கைப் பஞ்சைச் சற்றுக் குறைத்துத் தைப்பதே பாதுகாப்பானது.