விருப்ப ஓய்வும் பறவைகளின் பருவமும்

விருப்ப ஓய்வு பெற்றபின் பறவை நோக்கும் பயணத்தில் இறங்குவோருக்குக் கிடைக்கும் முதன்மையான பேறு, ஆண்டின் நாட்களைப் பறவைகளின் பருவத்துக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளும் உரிமையாகும். பள்ளி விடுமுறையை ஒட்டியே விடுப்பு எடுக்க முடிந்த குடும்பங்கள் மே மாதத்தில் புறப்படும்போது, குளிர்காலத்தைக் கழிக்க வடக்கிலிருந்து நெடுந்தொலைவு வந்து மீளும் வலசைப் பறவைகளில் பெரும்பாலானவை திரும்பிச் சென்றிருக்கும்.

வேடந்தாங்கலில் கூழைக்கடா, நத்தைக்குத்தி நாரை, கரண்டிவாயன் முதலியவை கூடு கட்டுவது வடகிழக்குப் பருவமழையால் ஏரி நிரம்புவதைப் பொறுத்ததாகையால், மழை தாழ்ந்தால் பருவமும் தாழ்கிறது. எனவே ஏரியில் நீர் நிற்கும் செய்தி கேட்டபின் புறப்பட இயலுபவருக்கே அக்காட்சி முழுமையாக வாய்க்கிறது. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை உணர்ந்த அவ்வூர் மக்கள், 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியிடம் பாதுகாப்பு உரிமை பெற்றிருந்தனர். சிவகங்கை மாவட்டத்தின் கொள்ளுகுடிப்பட்டியில், பறவைகள் அஞ்சுமென்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. பறவைப் பட்டியலை நீட்டுவதோடு நில்லாமல், இத்தகைய ஊர்களில் ஓரிரு நாட்கள் தங்கி மக்களோடு உரையாடுவதற்கும் ஓய்வு பெற்றவருக்கே பொழுது உண்டு.

ஈரநிலங்களைக் காக்கும் பன்னாட்டு ஒப்பந்தமான ராம்சர் உடன்படிக்கையின் பட்டியலில் 2002இல் சேர்க்கப்பட்ட கோடியக்கரையில் பூநாரைகளையும் உள்ளான் வகைகளையும், திருநெல்வேலி மாவட்டத்தின் கூந்தன்குளத்தில் இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகளையும் குளிர்காலத்தில் காணலாம். ஒரு நிலப்பகுதியில் மட்டுமே வாழும் ஓரிடவாழ் பறவைகளை நாடுவோருக்கு நீலகிரி, கொடைக்கானல் ஆகியவற்றின் சோலைக்காடுகள் உள்ளன.

விரைவில் தொடங்குவதற்கு உடல்சார்ந்த காரணமும் உண்டு. முதுமையில் செவித்திறன் குறையும்போது உயர்ந்த சுருதியிலான ஒலிகளே முதலில் நழுவுகின்றன. அடர்ந்த காட்டில் பல சிறு பறவைகள் கண்ணுக்குப் படுமுன் மெல்லிய குரலாலேயே அறியப்படுவதால், ஐம்பது வயதில் குரல்களைப் பழகத் தொடங்குபவர் எழுபதில் தொடங்குபவரைவிடப் பெரும்பாலும் மிகுதியாகக் கேட்கிறார்.

கருவிகளில் இன்றியமையாதது இருகண்நோக்கி ஒன்றே. அதில் 8x42 என்று குறித்திருந்தால், உருவம் எட்டு மடங்கு பெரிதாகத் தெரியும் என்பதும், முன்புற வில்லையின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்பதும் பொருள். உருப்பெருக்கம் கூடக்கூடக் கைநடுக்கமும் பெரிதாகத் தெரியுமாதலால், தொடக்கநிலையினருக்கு இந்த அளவே ஏற்றது.

கண்டவற்றை இடம், நேரம், எண்ணிக்கையுடன் ஈபேர்ட் என்னும் இணையத் தளத்தில் பதிவு செய்தால் அவை ஆய்வாளர்களுக்குப் பயன்படும். தொலைவான ஊர்களுக்கு ஒருமுறை சென்று வருவதைவிட, வீட்டருகிலுள்ள ஏரியை வாரந்தோறும், அதுவும் பணியிலிருப்போர் வர இயலாத வேலைநாட்களில், கணக்கெடுப்பது பறவைகளின் வரவையும் பிரிவையும் தெளிவாகக் காட்டும். தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் நடைபெறும் பறவைக் கணக்கெடுப்பு இப்பழக்கத்துக்கு நல்ல தொடக்கம்.

பொழுது மிகுதியாக உள்ளவர் ஒரே கூட்டின் அருகே நெடுநேரம் நிற்கும் ஆவலைத் தவிர்க்க வேண்டும். அடைகாக்கும் பறவை அஞ்சி எழுந்துவிட்டால், முட்டைகளும் குஞ்சுகளும் வெயிலில் வாடுவதோடு, காத்திருக்கும் காகங்களுக்கும் இரையாகக்கூடும். ஆகவே கூடு கண்ணில் பட்டதும் விலகி, தொலைவிலிருந்து இருகண்நோக்கியால் சிறிது நேரம் மட்டும் பார்ப்பதே முறை.