இரும்புக்கு ஏங்கும் கடல்

அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த தென்பெருங்கடலில் நைட்ரேட்டுக்கும் பாஸ்பேட்டுக்கும் பஞ்சமில்லை. கோடையில் வெயிலுக்கும் குறைவில்லை. ஆனாலும் அங்கே நுண்பாசிகள் எதிர்பார்த்த அளவுக்குச் செழிப்பதில்லை. இந்தப் புதிரின் விடை இரும்புப் பற்றாக்குறை. அந்த விடையை நெடுங்காலம் மறைத்து வைத்திருந்ததும் இரும்புதான்!

அங்கே மேற்பரப்பு நீரில் லிட்டருக்குப் 10 நானோகிராம் இரும்புகூடப் பெரும்பாலும் தேறாது. நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. அளக்கப் போகும் கப்பலோ முழுக்க எஃகு. கப்பலின் துரு, எஃகுக் கம்பிவடம், அறையின் தூசி என எல்லாமே மாதிரியைக் கெடுத்தன. கடலின் இரும்பு என்று எழுதிவைத்ததில் பெரும்பகுதி கப்பலின் இரும்பு.

இன்று மாதிரி எடுப்பதே தனிக் கலை. உட்புறம் டெஃப்லான் பூசிய குப்பியைக் கெவ்லார் கயிற்றில் இறக்குகிறார்கள். கப்பலின் அழுக்கு மிதக்கும் மேல்நீரை அது மூடியபடியே கடக்கும். சுமார் 10 மீட்டர் ஆழத்தில் நீரழுத்தத்தால் தானே திறக்கும். வேண்டிய ஆழத்தில் நீரைப் பிடித்துக்கொண்டு மூடும். பிறகு, வடிகட்டிய காற்று மட்டுமே நுழையும் அறையில், பல நாள் அமிலத்தில் ஊறிய புட்டிகளுக்கு நீர் மாறுகிறது. புட்டியின் சுவரில் உலோகம் ஒட்டாதிருக்க அந்த நீரிலும் சிறிது தூய அமிலம் சேர்ப்பார்கள். உப்பை விட்டு உலோகத்தை மட்டும் பற்றும் பிசினில் செலுத்திய பின்புதான் நிறமாலைமானி அளக்கத் தொடங்கும்.

இத்தகைய தூய்மையைக் கடைப்பிடித்த அமெரிக்கர் ஜான் மார்ட்டின், கடல்நீரில் சிறிது இரும்பு சேர்த்தால் நுண்பாசிகள் பெருகுவதை 1988இல் காட்டினார். 1993இல் அவர் காலமானார். சில மாதங்களில் அவருடைய குழுவினர் கலாபகஸ் தீவுகளுக்கு அருகே 64 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பில் சுமார் 450 கிலோ இரும்பைக் கரைத்தார்கள். சில நாட்களிலேயே அங்கு பச்சையம் ஏறக்குறைய மூன்று மடங்கானது.

பூமியில் மலிந்து கிடக்கும் இரும்பு கடலில் மட்டும் ஏன் அரிது? ஆக்சிஜன் நிறைந்த நீரில் அது துருவாகிப் படிந்துவிடுகிறது. கரைந்து நிற்பதில் 99 சதவீதத்துக்கும் மேல் கரிம மூலக்கூறுகளைப் பற்றிக்கொண்டே நிற்கிறது. பாலைவனத் தூசியும் கடலடிச் சேறும் வெந்நீர் ஊற்றுகளும் புதிய இரும்பைக் கொண்டுவருகின்றன.

மற்ற உலோகங்களின் கதை வேறு. துத்தநாகத்தை மேற்பரப்பில் உயிரிகள் உண்டுவிடுவதால் ஆழம் கூடக்கூட அதன் அளவும் கூடுகிறது. 2010இல் தொடங்கிய ‘ஜியோட்ரேசஸ்’ என்ற பன்னாட்டுத் திட்டம் இவற்றையெல்லாம் வரைபடமாக்குகிறது. நம் வங்காள விரிகுடாவிலும் ‘சாகர் கன்யா’ கப்பலில் சென்று இந்திய விஞ்ஞானிகள் இரும்பை அளந்திருக்கிறார்கள்.

இந்த அளவீடுகள் ஒரு நல்ல செய்தியையும் தந்திருக்கின்றன. ஈயம் கலந்த பெட்ரோலைக் கைவிட்ட பிறகு, வட அட்லாண்டிக்கின் மேற்பரப்பு நீரில் ஈயம் வெகுவாகக் குறைந்துவிட்டது.