துவிச்சக்கரவண்டிக்கு ஏற்ற ரயர்

1990ஆம் ஆண்டு தொடங்கி எரிபொருள் தடைப்பட்டிருந்த காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களுக்குக் கைகொடுத்தது துவிச்சக்கரவண்டியே. 2022இல் பெற்றோலுக்காக நாடெங்கும் மக்கள் நெடுவரிசையில் நின்றபோதும் பலர் அதனையே நாடினர். ஆயினும், வண்டியின் நிறத்தையும் மணியையும் நுணுகி நோக்குவோர் பலரும், வீதியைத் தொடும் ஒரே உறுப்பாகிய ரயரைப் பற்றிச் சிந்திப்பதில்லை. நிறுத்தும்போதும் திரும்பும்போதும் நம் பிள்ளைகளைக் காப்பது தரையிற் படியும் அந்தச் சிறு இறப்பர்ப் பரப்பேயாகும்.

காற்றடைத்த ரயருக்கு 1845இல் முதன்முதல் உரிமைப் பத்திரம் பெற்றவர் இறொபேட் வில்லியம் தொம்சன். உலகம் அதனை மறந்துவிட்டது. பின்னர் பெல்பாஸ்ற் நகரின் மிருக வைத்தியராகிய ஜோன் பொய்ட் டன்லப், தம் மைந்தனின் முச்சக்கரவண்டி குலுங்குவது கண்டு அதனை மீண்டும் ஆக்கி, 1888இல் உரிமை பெற்றார்.

ரயர் வாங்கும்போது முதலில் நோக்கத்தக்கது அளவு. “28 அங்குலம்” என்று கேட்டல் போதாது. பழைய பெரிய வண்டிகளின் 28 × 1½ ரயர் 635 மில்லிமீற்றர் விட்டத்துக்குரியது. 28 என்றே பெயர்பெற்ற மற்றொரு வகையோ 622க்குரியது. அவ்வாறே 26 × 1⅜ என்பது 590. 26 × 1.75 என்பது 559. பெயர் ஒத்திருப்பினும் ஒன்று மற்றொன்றிற் பொருந்தாது. ஆதலின் பழைய ரயரின் பக்கத்திற் பொறித்துள்ள 40-635 போன்ற எண்ணைக் குறித்துக்கொண்டே கடைக்குச் செல்லல் வேண்டும். முன்னெண் அகலம், பின்னெண் ரயர் றிம்மில் அமருமிடத்தின் விட்டம்.

ஒடுங்கிய ரயரே விரைந்தோடும் என்பது இளைஞரின் நம்பிக்கை. உண்மை வேறு. ஒரே அமைப்பும் ஒரே காற்றழுத்தமும் உடைய இரண்டனுள் அகன்றதே இலகுவாக உருளும். தரையில் அது நசுங்கும் பகுதி நீளத்திற் குறுகியதாதலின் வீணாகும் சக்தியும் குறைவு. கல்லூரிக்கும் கந்தோருக்கும் செல்வோர்க்கும், விடுமுறையிற் சிறு பொதியுடன் ஊர் பார்ப்போர்க்கும் 32 முதல் 40 மில்லிமீற்றர் வரையான அகலம் ஏற்றது. மட்காட்டுக்கும் ரயருக்கும் இடையே போதிய இடைவெளி உண்டா எனவும் பார்த்தல் வேண்டும்.

தார்வீதிக்கு ஆழ்ந்த வரிகள் தேவையில்லை. மோட்டார் வாகனம் போல நீரின்மேல் மிதந்து வழுக்கும் வேகத்தைச் சாதாரண ஓட்டத்தில் இவ்வண்டி எட்டுவதில்லை. மணலும் கிறவலும் நிறைந்த ஒழுங்கைகளிலேயே அவை பயன்படும். முள் மிகுந்த பாதையாயின், உள்ளே காப்புப் பட்டை அமைந்த ரயர் சற்றுப் பாரமானாலும் நன்று.

காற்று குறைந்தால் குழியில் விழும்போது ரியூப் றிம்மிடையே நசுங்கித் துளைபடும். பின்சில்லு பெரும் பாரத்தைத் தாங்குவதால் அதற்குக் காற்றுச் சற்று அதிகம் வேண்டும். ஆயினும் ரயரிற் பொறித்த உச்ச அளவைத் தாண்டலாகாது.

பின் ரயரே விரைவில் தேயும். புதியதை வாங்கிப் பின்னே பூட்டிவிட்டு, பழையதை முன்னே விட்டுவைத்தல் பலரது வழக்கம். அது தவறு. பின் ரயர் வெடித்தால் வண்டி தடுமாறும். முன் ரயர் வெடித்தாலோ திசையே கைமீறிப் போகும். முன்னதைப் பின்னுக்கு மாற்றிப் புதியதை முன்னே பூட்டுவதே முறை. நூல் வெளித்தெரிந்த ரயரையும் பக்கம் பிளந்த ரயரையும் எங்கும் பூட்டலாகாது. சில நூறு ரூபாவை மிச்சம்பிடிக்க வேறு வழிகள் உண்டு.