தோட்டத்துக் கணக்கும் கணினியும்

சபரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் தேயிலையும் இறப்பரும் அடுத்தடுத்து வளர்கின்றன. இத்தோட்டங்களில் யார் எத்தனை நாள் உழைத்தார், எவ்வளவு கொழுந்து பறித்தார் என்னும் கணக்கைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்து வந்தது செக்றோல் என்னும் பேரேடு. இன்று மின்தராசும் கணினியும் அப்பணியிற் பங்குகொள்ளத் தொடங்கியுள்ளன. கூட்டலும் பெருக்கலும் கணினிக்கு எளியவை. அவ்வாறிருக்க, தோட்டத்துக்கென ஒரு மென்பொருள் ஆக்குவதில் என்ன சிரமம் என்று நேயர்கள் கேட்கலாம்.

முதற் சிரமம் ஒரு சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. தோட்டத்திலே 'பேர்' என்பது ஆளின் பெயரை மட்டும் குறிப்பதன்று. ஒரு நாட் சம்பளத்துக்கும் அதுவே பெயர். குறித்த அளவு கொழுந்து பறித்தவருக்கு முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர் போடும் வழக்கமும் உண்டு. அளவுக்கு மேற்பட்ட கொழுந்துக்குக் கிலோக் கணக்கில் தனிக் காசு. அந்தக் குறித்த அளவோ தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். 2021 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நாட் சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபின், எத்தனை கிலோவுக்கு அந்த ஆயிரம் என்பதே பல தோட்டங்களில் தகராறாயிற்று. ஆகவே அவ்வெண்ணை மாற்றவே முடியாதபடி மென்பொருளில் அமைப்பவர் விரைவில் இடர்ப்படுவார். மாற்றக்கூடியதாய் அமைத்தாலோ, மாற்றியவர் யார், மாற்றிய நாள் எது என்பதும் பதிவாக வேண்டும்.

இரண்டாவது சிரமம் மழை. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகிறது. நனைந்த கொழுந்தில் நீரும் சேர்ந்தே நிறுக்கப்படும். அதற்காகவும் சாக்குக்காகவும் சில கிலோவைக் கழிப்பது பழைய வழக்கம். தராசு கிராம் பிசகாமல் நிறுத்தாலும், கழிவைத் தீர்மானிப்பவர் மனிதரே. நிறுத்தது எவ்வளவு, கழித்தது எவ்வளவு என இரண்டையும் தனித்தனியே காட்டாத மென்பொருள், பழைய மனக்குறைக்குப் புதிய திரை போட்டதாகவே முடியும். இறப்பர்ப் பாலிலும் இதே நிலைதான். வாளியில் நிறைந்த பால் அனைத்தும் இறப்பர் ஆகாது; அதிலுள்ள உலர் இறப்பரின் பங்கை அளந்தே கணக்கிட வேண்டும்.

மூன்றாவது, பெயரெழுத்து. தொழிலாளி தமிழிற் சொல்லும் பெயர் பிறப்புப் பதிவில் சிங்களத்திலும், சம்பளப் பட்டியலில் ஆங்கிலத்திலும் வேறு வேறு உருக்கொள்ளும். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி நூற்றுக்கு 8 வீதமும், தொழில் கொள்வோர் 12 வீதமும் செலுத்துகின்றனர். முதுமையில் அப்பணத்தைப் பெறச் செல்லும்போது, அடையாள அட்டையிலுள்ள பெயரோடு ஏட்டுப் பெயர் ஒவ்வாவிடின் அலைச்சலே மிஞ்சும். ஆகையால் மும்மொழி வடிவங்களையும் அடையாள அட்டை இலக்கத்தோடு பிணைத்து வைப்பது அவசியம்.

மலை மடிப்புகளில் கைத்தொலைபேசி அலை எட்டாத இடங்களும் உண்டு. அங்கே நிறுவையைக் கருவி தன்னிடமே சேமித்து, பின்னர் அனுப்ப வேண்டும். அவ்வாறு அனுப்புகையில் ஒரே நிறுவை இருமுறை பதியவும் கூடாது.

இவையனைத்திலும் தலையாயது ஒன்றுண்டு. கணக்கப்பிள்ளையின் ஏட்டில் ஐயம் வந்தால் அவரிடமே நின்று கேட்கலாம். கணினியிடம் அவ்வாறு வாதாட இயலாது. ஆதலால் நிறுத்த அப்பொழுதே, நிறை, கழிவு, மிகுதி மூன்றையும் தமிழில் அச்சிட்ட சிறு துண்டொன்று கொழுந்து பறித்தவரின் கையிற் சேரவேண்டும். மாத முடிவில் அத்துண்டுகளைக் கூட்டிப் பார்த்து அவரே சம்பளத்தைச் சரிபார்க்க முடிந்தால்தான், அந்த மென்பொருள் தோட்டத்துக்கு ஏற்றது எனலாம்.