பட்டாளத்துப் பணம் ஆழ்துளைக்குள் போக வேண்டாம்!

வேலூர் மாவட்டம், கணியம்பாடி பக்கத்தில் உள்ள கம்மவான்பேட்டைக்கு 'ராணுவப்பேட்டை' என்றே பெயர். தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பும் ஊர். வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் இதுபோன்ற கிராமங்கள் பல உண்டு. சிப்பாயாகச் சேர்ந்தவர்களில் பலர் 40 வயதை ஒட்டியே ஊர் திரும்பிவிடுகிறார்கள். பிள்ளைகள் படித்துக் கொண்டிருப்பார்கள். உடம்பில் இன்னும் 20 வருட உழைப்பு மிச்சமிருக்கும். 'நிலம்தான் இருக்கிறதே, விவசாயம் பார்க்கலாம்' என்று நினைப்பது இயல்பு.

நல்ல எண்ணம்தான். ஆனால், கைக்கு வந்த மொத்தப் பணமும் முதல் வருடத்திலேயே ஆழ்துளைக் கிணறு, டிராக்டர், மாட்டுக்கொட்டகை என்று போய்விட்டால், அதைத் திரும்பச் சேர்க்க இன்னொரு சர்வீஸ் கிடையாது. அதனால், பணியின் கடைசி 2, 3 வருட விடுமுறைகளிலேயே ஆயத்தம் தொடங்க வேண்டும்.

விடுமுறையில் செய்ய வேண்டியவை

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்து பார்த்தால் கிணற்றில் தண்ணீர் இருக்கத்தான் செய்யும். ஒரு வருடமாவது விடுமுறையைக் கோடைக்கு மாற்றி, மே மாதத்தில் மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று பாருங்கள். அந்தத் தண்ணீர்தான் எத்தனை ஏக்கர், என்ன பயிர் என்பதைத் தீர்மானிக்கும்.

அதே விடுமுறையில் மண், நீர் பரிசோதனையையும் முடித்துவிடலாம். நெல், நிலக்கடலை போன்ற பயிர்களுக்கு 15 செ.மீ ஆழத்துக்கு 'வி' வடிவக் குழி எடுத்து, பல இடத்து மண்ணைக் கலந்து, அரை கிலோவாகக் குறைத்துக் கொடுக்க வேண்டும். மா, தென்னை வைப்பதென்றால் 3 அடி ஆழம் வரை அடுக்கு அடுக்காக மண் எடுக்க வேண்டும். கறவை மாடு, காளான் போன்றவற்றில் ஆர்வமிருந்தால், விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சி விவரம் கேட்கலாம். மற்ற மாவட்டத்தினர் தங்கள் பகுதி நிலையத்தை அணுகலாம்.

அண்ணன் தம்பி கணக்கு

பலரும் பேசத் தயங்கும் விஷயம் இது. 15, 20 வருடமாக அந்த நிலத்தில் பாடுபட்டவர் ஊரிலிருந்த அண்ணனோ தம்பியோதான். பெற்றோரைப் பார்த்துக் கொண்டவரும் அவரே. ஓய்வு பெற்று வந்த மறுமாதமே 'என் பங்கைப் பிரி' என்றால் குடும்பம் உடையும். ஒரு வருடம் முன்பே உட்கார்ந்து பேசி, பட்டா யார் பெயரில் இருக்கிறது, கிணற்றில் முறைத் தண்ணீர் எப்படி, நிற்கும் மரங்கள் யாருக்கு என்று முடிவு செய்து எழுதி வையுங்கள். இரண்டு வருடம் கூட்டாகப் பயிர் செய்து, பிறகு பிரித்துக் கொள்வது நல்லது. வயலின் போக்கு தெரிந்தவர் அவர்; அவரைவிட நல்ல ஆசிரியர் கிடைக்க மாட்டார்.

பணத்தில் கவனம்

மாத ஓய்வூதியத்தில் பாதி வரை ஒப்படைத்து மொத்தத் தொகையாக வாங்க முடியும். ஆனால், 15 வருடங்களுக்கு மாத வருமானம் குறையும். மழை பொய்த்த வருடத்தில் அடுப்பெரியச் செய்வது அந்த மாத வருமானம்தான். வாங்கும் தொகையிலும் பிள்ளைகள் படிப்புக்கும் வைத்தியத்துக்கும் முதலில் ஒதுக்குங்கள். முதல் வருடம் ஒரு ஏக்கர் அல்லது இரண்டு மாடு போதும். கணக்கு எழுதி, கையில் என்ன நின்றது என்று பார்த்த பிறகு பெருக்கலாம்.

ஓய்வூதியம் மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், பி.எம்.கிசான் தொகை பொதுவாகக் கிடைக்காது. அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

கேட்டுப் பெற வேண்டியவை

ராணுவத்தின் மறுவாழ்வுப் பயிற்சிகள் ஓய்வுக்கு முன்பே நடக்கின்றன. யூனிட்டில் கேட்டுப் பெயர் கொடுங்கள். ஊர் வந்ததும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தில் தொழில் தொடங்க 1 கோடி ரூபாய் வரை கடனும், 30 சதவிகித மூலதன மானியமும், 3 சதவிகித வட்டி மானியமும் உண்டு. உங்கள் தொழில் இதில் வருமா என்று அங்கேயே கேட்கலாம்.

அக்னிவீரர் வீட்டாருக்கு...

2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் 4 வருடம்தான் பணி. நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுபவர்கள் 25 சதவிகிதம் வரை மட்டுமே. மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியுடன் திரும்புவார்கள், ஓய்வூதியம் கிடையாது. அந்தப் பணத்தை வீட்டுக் கடனுக்கும் தங்கை கல்யாணத்துக்கும் இப்போதே கணக்குப் போடாதீர்கள். இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத பிள்ளைக்கு அதுதான் விதைநெல். விதைநெல்லைக் குத்தித் தின்னும் பழக்கம் எந்த விவசாயக் குடும்பத்திலும் கிடையாது.