ஆப்பைப் பிடுங்காதீர்கள்!

மதுரையை அடுத்த ஒரு மரப் பட்டறை. ‘டேபிள் சா’ எனப்படும் மேஜை ரம்பத்தின் முன் மேஸ்திரி நிற்கும் இடத்துக்கு நேர் பின்னால் ஒரு தகரத் தடுப்பு. அதில் இடுப்பு உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஒடுக்கு விழுந்திருந்தது.

“இது என்ன மேஸ்திரி?”

அவர் பதில் சொல்லாமல் இடது கையை விரித்துக் காட்டினார். ஆள்காட்டி விரல் பாதியோடு நின்றுபோயிருந்தது.

“கட்டை அங்க போய் அடிச்சிருச்சு தம்பி. வெரலு இங்கயே விழுந்துருச்சு.”

அன்று அவர் அறுத்தது மூன்றடித் தேக்குப் பலகை. கதவுக்கு ரீப்பர் எடுக்க, நீளவாக்கில் அறுத்துக்கொண்டு போனார். பாதி தாண்டியதும் அறுத்த வாய் மூடிக்கொண்டு பிளேடைக் கடித்தது. அடுத்த கணம் பலகை அவர் இடுப்பை உரசிக்கொண்டு பின்னால் பறந்தது. பலகையை அழுத்திக்கொண்டிருந்த கைக்குப் பிடிமானம் போனது. கை பிளேடின் மேல் சரிந்தது. கட்டை ‘எத்துவது’ என்று இதைச் சொல்வார்கள். ‘கிக்பேக்’ என்ற ஆங்கிலப் பெயருக்கும் அதேதான் பொருள்.

“கவனக் குறைவு தம்பி, வேற என்ன?” என்றார். இருபது வருஷம் இழைப்புளி பிடித்த கை அது. அந்தக் கைக்கா கவனம் இல்லை?

பின்பல் செய்யும் வினை

டேபிள் சாவில் பிளேடு நம்மை நோக்கிச் சுழல்கிறது. நம் பக்கம் இருக்கும் முன்பற்கள் மேலிருந்து கீழே இறங்குகின்றன. அவை மரத்தை மேஜையோடு அழுத்தியபடி அறுக்கும். அதனால் அந்தப் பக்கம் பயமில்லை. பிளேடின் பின்பக்கத்தில் கதை தலைகீழ். அங்கே பற்கள் மேஜைக்கு அடியிலிருந்து மேலே ஏறி, நம்மை நோக்கி வருகின்றன. அறுத்து முடிந்த மரம் அந்தப் பின்பல்லில் பட்டால், பல் அதைத் தூக்கி நம் பக்கமே வீசிவிடும்.

எவ்வளவு வேகத்தில்? பத்து அங்குல பிளேடின் சுற்றளவு ஏறக்குறைய 80 செ.மீ. நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் விநாடிக்கு 50. அதாவது பல்லின் வேகம் விநாடிக்கு 40 மீட்டர். மணிக்கு 144 கிலோமீட்டர். நல்ல வேகப்பந்து வீச்சாளரின் பந்து வரும் வேகம். இங்கே வருவது முனை கூரான மரக்கட்டை. கையில் மட்டையும் கிடையாது, காலில் பேடும் கிடையாது.

திடுக்கிட்டுக் கையை இழுக்க மனிதனுக்கு விநாடியில் ஐந்தில் ஒரு பங்காவது வேண்டும். அதற்குள் பிளேடு பத்துச் சுற்று முடித்துவிடும். 40 பல் பிளேடு என்றால் 400 பற்கள் அந்த இடத்தைக் கடந்திருக்கும். கவனத்தால் ஜெயிக்க முடியாத பந்தயம் இது.

மரம் பின்பல்லில் ஏன் படுகிறது? மரத்துக்குள் இறுக்கம் உண்டு. காயும்போது ஒரு பக்கம் இழுக்கும், ஒரு பக்கம் தளரும். அறுத்துப் பிளந்ததும் அடைபட்டிருந்த இறுக்கம் விடுபட்டு, இரண்டு பாதியும் விரியலாம். அல்லது ஒன்றையொன்று நெருங்கி நடுவில் இருக்கும் பிளேடை நெரிக்கலாம். ‘கைடு’ எனப்படும் பக்கச் சட்டம் பிளேடுக்கு இணையாக இல்லாமல் பின்னால் குறுகியிருந்தாலும் இதே கதைதான். கைடு இல்லாமல் வெறுங்கையால் பலகையைத் தள்ளும்போது அது லேசாகத் திரும்பினாலும் போதும்.

குரங்கு செய்த தப்பு

இந்த நெரிசல் மின்மோட்டாரோடு வந்ததல்ல. மேலே ஒருவர், கீழே ஒருவர் நின்று பெரிய வாளால் மரம் அறுத்த காலத்திலும் இருந்தது. அன்றைய அறுவையாட்கள் அதற்கு வைத்திருந்த மருந்து, ஆப்பு. வாள் கொஞ்சம் இறங்கியதும் பிளவில் ஓர் ஆப்பைச் செருகுவார்கள். பிளவு மூடாது, வாள் சிக்காது.

பஞ்சதந்திரக் குரங்கின் கதையும் இதில்தான் பிறந்தது. கோயில் வேலைக்கு மரம் அறுத்துக்கொண்டிருந்தவர்கள் ஆப்பைச் செருகிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். குரங்கு வந்து பிளவில் உட்கார்ந்து ஆப்பை அசைத்துப் பிடுங்கியது. பிளந்த மரம் சேர்ந்து நசுக்கியது. ‘ஆப்பசைத்த குரங்கு’ என்று ஊரில் இன்னமும் சொல்கிறோம். ஆனால், கை வாள் போய் மோட்டார் வந்தபோது பல பட்டறைகளில் நாமே ஆப்பைக் கழற்றிப் போட்டுவிட்டோம்.

டேபிள் சாவில் அந்த ஆப்பின் பெயர் ‘ரைவிங் நைஃப்’. பிளேடுக்குப் பின்னால், அதே நேர்கோட்டில், பிளேடின் வளைவையொட்டி நிற்கும் எஃகுத் தகடு. அறுத்த வாய் மூட வந்தால் தகட்டில்தான் இறுகும், பிளேடுக்குப் போகாது. பலகை திரும்பப் பார்த்தாலும் பின்பல்லை எட்டவிடாமல் தகடு மறிக்கும்.

இதில் கணக்கு முக்கியம். தகட்டின் கனம் பிளேடின் உடலைவிடக் கூடுதலாகவும், பல் வெட்டும் அகலத்தைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். பல் 3.2 மி.மீ. வெட்டுகிறது, பிளேடின் உடல் 2.2 மி.மீ. என்றால், 2.5 மி.மீ. தகடு பொருந்தும். அதைவிட மெலிந்தால் பிளவைத் தாங்காது. தடித்தால் மரம் உள்ளே நுழையாது. பல்லுக்கும் தகட்டுக்கும் இடைவெளி 8 மி.மீ.க்கு மேல் போகாமலிருப்பது நல்லது. பிளேடு மாற்றும்போதெல்லாம் இந்தக் கணக்கைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

‘ஸ்ப்ளிட்டர்’ என்பது இதன் பழைய வடிவம். அது ஒரே இடத்தில் நிற்கும். பிளேடோடு ஏறி இறங்காது. முழுக்க அறுக்காமல் காடி மட்டும் எடுக்க வேண்டுமென்றால் அதைக் கழற்றியாக வேண்டும். கழற்றியது திரும்ப ஏறுவதில்லை என்பது எல்லாப் பட்டறைகளுக்கும் தெரிந்த ரகசியம். ரைவிங் நைஃப் பிளேடோடு சேர்ந்தே ஏறி இறங்கும். பிளேடின் உச்சிக்குச் சற்றுக் கீழேயே நிற்கும். காடி எடுக்கவும் கழற்ற வேண்டியதில்லை.

சட்டத்துக்குத் தெரியும், பட்டறைக்குத் தெரியாது

பிரிட்டனில் 1922-லேயே மரவேலை இயந்திர விதிகள் வட்ட ரம்பத்துக்கு ரைவிங் நைஃப் கட்டாயம் என்றன. கையால் மரம் தள்ளும் ரம்பம் ஒவ்வொன்றின் அருகிலும் தள்ளுகோல் இருக்க வேண்டும் என்றும் சொல்லின. அமெரிக்கா இதில் தாமதம். புதிதாக வடிவமைக்கும் டேபிள் சாக்களுக்கு ரைவிங் நைஃப் வேண்டும் என்ற தரவிதி 2008-ஐ ஒட்டித்தான் வந்தது.

நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஆபத்தான இயந்திரப் பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்றது. ஆனால், மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அந்தச் சட்டத்துக்கு அது தொழிற்சாலையாக இருந்தது. ஒரு மேஸ்திரி, இரண்டு பையன்கள் என்று ஓடும் பட்டறை அந்தக் கணக்கிலேயே வராது. கட்டடம் கட்டும் இடங்களில் இன்னும் மோசம். கையில் பிடிக்கும் கட்டரைத் தலைகீழாகப் பிளைவுட் பலகையின் அடியில் முடுக்கி, ‘டேபிள் சா’ என்கிறார்கள். அதில் மூடி இல்லை, தகடு இல்லை. பல இடங்களில் ஸ்விட்சைக் கயிற்றால் கட்டிவைத்திருப்பார்கள்.

தகட்டுக்குத் துணை

தகடு மட்டும் போதாது. கூடவே சில துணைகள் வேண்டும். பாதியைப் பட்டறைக் கழிவுக் கட்டையிலேயே செய்துகொள்ளலாம்.

தள்ளுகட்டை: ரீப்பர் குறுகலாக இருந்தால் விரல் பிளேடுக்குப் பக்கத்தில் போகவே கூடாது. அடியில் குதிகால் வைத்த ஒரு கட்டையால் தள்ளலாம். கட்டை வெட்டுப்பட்டால் இன்னொன்று செய்துகொள்ளலாம்.

சீப்புப் பலகை: ஒரு பலகையின் முனையைச் சாய்வாக வெட்டி, சீப்புப் பல் போலக் கீறினால் ஃபெதர்போர்டு தயார். மரத்தைக் கைடோடு அழுத்திப் பிடிக்கும். முன்னே விடும், பின்னே விடாது. பிளேடுக்கு முன்பாகத்தான் இதைப் பொருத்த வேண்டும். பிளேடுக்கு நேராக வைத்தால் அதுவே அறுத்த வாயை நெரித்துவிடும்.

குறுக்கு அறுவை: பலகையைக் குறுக்காக அறுக்கும்போது கைடை அளவுக்கட்டையாக வைக்காதீர்கள். அறுபட்ட துண்டு கைடுக்கும் பிளேடுக்கும் நடுவில் மாட்டி எகிறும். குறுக்கு அறுவைக்கு, மரத்தைத் தாங்கியபடி மேஜைமேல் சறுக்கும் பலகைதான் சரி.

நிற்கும் இடம்: பிளேடுக்கு நேர் எதிரே நிற்காமல் ஓரடி விலகி நில்லுங்கள். தோளில் துண்டும் கையில் உறையும் வேண்டாம். பல் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும்.

இத்தனையும் மீறி விரல் துண்டானால், அதைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸில் வையுங்கள். விரலை நேராக ஐஸில் போடக் கூடாது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை போல, கை அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறை உள்ள இடத்துக்கு உடனே கொண்டுபோக வேண்டும்.

ஐந்து மில்லி விநாடி

“தோல் பட்டாலே நிக்கிற மெஷின் வந்திருக்காமே?” என்று மேஸ்திரி கேட்டார். வந்திருக்கிறது. இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற அமெரிக்க வழக்கறிஞர் ஸ்டீபன் காஸ் 1999-ல் உருவாக்கியது, பெயர் ‘சாஸ்டாப்’. பிளேடில் மெல்லிய மின் சமிக்ஞை ஓடிக்கொண்டிருக்கும். உடம்பு பட்டதும் அது மாறும். ஓர் அலுமினியக் கட்டை பிளேடுக்குள் பாய்ந்து 5 மில்லி விநாடிக்குள் நிறுத்திவிடும். விரல் போக வேண்டிய இடத்தில் சிறு கீறலோடு போகும்.

ஆனால், அந்தக் கருவிக்குத் தெரிவது தோல் மட்டும். மரம் பின்பல்லில் மாட்டி எகிறுவதை அது தடுக்காது. அந்த விலை உயர்ந்த இயந்திரத்திலும் பிளேடுக்குப் பின்னால் ஒரு தகடு நின்றுகொண்டுதான் இருக்கிறது.

இதைச் சொன்னதும் மேஸ்திரி மேஜையின் கீழ் இழுப்பறையைத் திறந்து துழாவினார். மெஷின் வாங்கியபோது வந்த பிளாஸ்டிக் உறை, பிரிக்காமலே இருந்தது. உள்ளே பிறை வடிவத்தில் ஓர் எஃகுத் தகடு.

“இதுவா? எதுக்குன்னு யாரும் சொல்லலியே தம்பி.”

பிளக்கைப் பிடுங்கிவிட்டு இரண்டு போல்ட்டை முடுக்கினார். பழைய கட்டிலில் கழற்றிய முறுக்கு மரம் ஒன்றை எடுத்து அறுத்தார். முக்கால்வாசி போனதும் மோட்டாரை நிறுத்தி, பிளேடு ஓயும்வரை காத்திருந்தார். இரண்டு பாதியும் நெருங்கி வந்து தகட்டை இறுகப் பிடித்திருந்தன. பிளேடின் இருபுறமும் மயிரிழை வெளிச்சம் தெரிந்தது.

மேஸ்திரி அந்தப் பாதி விரலால் தகட்டைத் தட்டிப் பார்த்தார். அசையவில்லை.